வாசலில் முளைக்கும் குழம்பு

கே: வீட்டு முன்னால் கொஞ்சம் நிலம் கிடக்கிறது. லாரித் தண்ணீரை நம்பித்தான் பிழைப்பு. புல்தரை போடலாமா?
– வாசகி, தாம்பரம்

ப: வீட்டில் மாடு இருந்தால் போடலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் சென்னை. அந்தத் தண்ணீரைச் செலவழித்தால் பதிலுக்கு அது ஒரு பொரியலாவது தர வேண்டாமா?

கே: முன்வாசலில் முருங்கை ஆகாது என்கிறார் மாமியார். மூடநம்பிக்கைதானே?
– வாசகி, திண்டுக்கல்

ப: அவசரப்பட்டு மாமியாரை எதிர்க்காதீர்கள். வேதாளம் ஏறாது, கம்பளிப்பூச்சி ஏறும். மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக்கொண்டு கிடக்கும், பட்டால் அரித்துத் தள்ளிவிடும். கிளையும் காற்றுக்குப் படக்கென்று ஒடியும். கீழே உங்கள் ஸ்கூட்டர் நிற்கும். அதனால் நடைவழியை விட்டு, சுவரோரமாக வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 ரகத்தை விதையாகவே ஊன்றலாம். ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும், காயும் கைக்கெட்டும். வெயிலுக்கு அஞ்சாத மரம் இது. தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகிச் சாகும்.

கே: ‘வறட்சி தாங்கும்’ என்றார்களே என்று கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். சித்திரை வெயிலில் கருகிவிட்டது!
– வாசகர், விருதுநகர்

ப: தாங்கும், வேர் பிடித்த பிறகு. நர்சரிப் பையில் தினமும் பூவாளித் தண்ணீர் குடித்த செல்லப்பிள்ளையைச் சித்திரையில் தெருவில் விட்டால் என்ன செய்யும்? ஆடி, ஆவணியில் நடுங்கள். ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முதல் கோடையில் மட்டும் கவனிப்பு வேண்டும். அப்போதும் தினம் ஒரு சொம்பு தெளிக்காமல், சில நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் ஊற்றுங்கள். ஈரம் ஆழத்தில் இருந்தால்தான் வேர் அதைத் தேடி இறங்கும். சுற்றிலும் சருகு மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். குப்பை என்று அதைப் பெருக்கித் தள்ளுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கே: தண்ணீர் ஊற்றவே சோம்பல். எனக்கேற்ற செடி?
– வாசகர், கரூர்

ப: பிரண்டை. கணுவோடு ஒரு துண்டை வேலியோரம் செருகினால் போதும். சோம்பலைச் சமையலில் காட்டாதீர்கள்: கையில் நல்லெண்ணெய் தடவி, நாரை உரித்து, நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரையுங்கள். தவறினால் நாக்கு நமநமக்கும்.

கே: களை என்று பிடுங்கிப் போட்டதை எதிர்வீட்டம்மா சமைக்கக் கேட்கிறார்!
– வாசகி, மதுரை

ப: தரையோடு படர்ந்து, சிவந்த தண்டு, சதைப்பற்றான இலை, மஞ்சள் பூ என்றால் அது பருப்புக்கீரை. வறட்சியில் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் காற்று வாங்கும் சாமர்த்தியசாலி. அப்போது சேரும் அமிலத்தால் காலையில் பறித்தால் புளிப்பு தூக்கல், மாலையில் குறைவு. ஒடித்தால் பால் வடிகிறதா? அது வேறு செடி, தொடாதீர்கள்.

கே: வாஷிங் மெஷின் தண்ணீரைக் கீரைக்கு விடலாமா?
– வாசகர், திருச்சி

ப: வேண்டாம். சோப்புத்தூளின் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். ஆர்.ஓ. கழிவுநீரிலும் உப்பு அதிகம். அதில் வாசலைக் கழுவுங்கள். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைக் கீரைக்கு ஊற்றுங்கள்.