ரத்தத்துக்குப் பயந்த மாப்ளை

என்ன மாப்ளே, கன்னத்தைக் கையில தாங்கிக்கிட்டு வர்ற? தங்கச்சி அடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். ஈறு வீக்கந்தானா!

"பல்லு விளக்குனா ரத்தம் வருது, அதான் அந்தப் பக்கம் பிரஷ் படாமப் பாத்துக்கிறேன்"ங்கிற. என்னா மூளைடா! குப்பை நாறுதுன்னு அந்த மூலையை மட்டும் கூட்டாம விட்டா நாத்தம் போயிருமா? ஈறு ஓரத்துல அழுக்குப் படிஞ்சு கிருமி சேர்ந்ததாலதான் அது செவந்து, தடிச்சு, ரத்தம் கசியுது. நீ ஒதுக்க ஒதுக்க அந்த அழுக்கு காரையா இறுகிரும். அப்புறம் எந்தப் பேஸ்ட்டுக்கும் அசையாது. பல் டாக்டர்தான் எடுக்கணும்.

"காரை எடுத்தா பல்லு ஆடிருமாமே"ன்னு டீக்கடையில சொன்னாங்களாக்கும்? சொன்னவன் வாயில கடவாப்பல்லு எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாத்தியா? நோய் ஈறுக்குக் கீழ இறங்குனா பல்லைப் புடிச்சிருக்கிற எலும்பையே அரிச்சிரும். ஆட்டங்குடுக்கிறது அதாலதான், பழி மட்டும் டாக்டருக்கு.

இப்போதைக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பைப் போட்டுக் கொப்பளிச்சுத் துப்பு. முழுங்கித் தொலைச்சிராத, உனக்குப் பிரஷர் வேற. அதுக்குத் திங்கிற மாத்திரை அம்லோடிபினான்னு பாரு. அதுவும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். டாக்டர்கிட்டக் கேளு, நீயா நிறுத்திப்புடாத. கைவைத்தியம்னு கிராம்புத் தைலத்தை அப்படியே ஊத்துனா ஈறு வெந்துரும். செங்கப்பொடி பல்லைத் தேய்ச்சே தீர்த்துரும்.

மெத்துன்னு ஒரு பிரஷ் வாங்கு. ஈறு ஓரத்துல சாய்ச்சு வச்சு, காலையிலயும் ராத்திரியும் ரெண்டு ரெண்டு நிமிஷம் மெதுவா விளக்கு. பல்லோட உனக்கு என்ன பங்காளிப் பகையா, அந்தப் போடு போடுற? பல் இடுக்குல அதுக்குன்னு இருக்கிற நூலும் விடு. பத்து நாள்ல ரத்தம் குறையலேன்னா பல் டாக்டரைப் பாரு, சுகரும் பாத்துரு. சுகரும் ஈறு நோயும் கூட்டுக்களவாணிக. ஒண்ணை ஒண்ணு வளத்துவிடும்.

பீடி குடிக்கிற உன் சேக்காளி "எனக்கெல்லாம் ரத்தமே வராது"ன்னு பீத்துவான். பீடி ரத்தக்கசிவை மறைச்சிரும், நோய் உள்ளுக்குள்ள சொகமா வேலை பாக்கும்.

மூஞ்சி வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் தொறக்க முடியலேன்னா மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தின்னுக்கிட்டு இருக்காத. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

சொல்றதைச் சொல்லிட்டேன். கேக்கலேன்னாலும் எனக்கு நட்டமில்ல. வர்ற கெடாவெட்டுல பக்கத்துலயே ஒக்காரு. நல்லி எலும்பையெல்லாம் என் இலைக்குத் தள்ளிரு.