அசையாப் பொருள்களும் அசையும் குடும்பமும்

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் பெயின்டிங் என்று ஒரு பாடம் உண்டு. எண் 049. தியரிக்கு 30, செய்முறைக்கு 70. அந்த எழுபதில் 20 போர்ட்ஃபோலியோவுக்கு. பொருளையோ இயற்கையையோ பார்த்து வரைந்த படங்கள் ஐந்து, சொந்தக் கற்பனையில் தீட்டியவை இரண்டு, அவை முதல் கிறுக்கலிலிருந்து கடைசி வண்ணம்வரை எப்படி வளர்ந்தன என்பதற்கான சான்றுகள், எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வாளர் முன்னால் வைக்க வேண்டும். இவை இந்த மாணவர் பள்ளியில் செய்தவையே என்று பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும். விதியை எழுதியவர் டெல்லிக்காரர். கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் பாறசாலையில் ஒரு பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் ஏழு படம் வரைந்துவிட முடியும் என்று அவர் நம்பியிருக்கிறார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

மகள் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் போனில் வாழ்த்தியவர் குழித்துறையில் இருக்கும் என் சித்தப்பா. "பெயின்டிங்கா? நல்ல காரியம் மக்ளே. கேரளத்துல பெயின்டருக்கு நாள் கூலி ஆயிரத்துக்கு மேல. பி.எட். முடிச்சவனுக்குக்கூட அது கெடைக்காது" என்றார். அவள் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று சைகை காட்டினேன். சித்தப்பா சொன்னதில் பிழை எதுவும் இல்லையே.

பள்ளியில் ஸ்டுடியோ என்று ஓர் அறை இருந்தது. வாலிபால் வலை, கால் உடைந்த பெஞ்சுகள், எப்போதோ நடந்த முகாமின் பேனர், இவற்றுக்கு நடுவே இரண்டு ஈஸல். பீரியட் நாற்பது நிமிடம். பெஞ்சை நகர்த்தப் பத்து நிமிடம், தண்ணீர் பிடித்து வரப் பத்து நிமிடம், தூரிகை கழுவப் பத்து நிமிடம் போனால், மிச்சமுள்ள பத்து நிமிடத்தில் மைக்கேலாஞ்சலோவாலும் ஒரு குடம் வரைய முடியாது. ஆகவே, "மீதியை வீட்ல பார்த்துக்கோ" என்றார் டிராயிங் சார். அங்கேதான் குடும்பம் உள்ளே நுழைந்தது.

முதல் பாடம் ஸ்டில் லைஃப். என் மாமியின் வெண்கலக் கிண்டி, நீலப் போர்வையில் நாலு மடிப்பு, ஒரு சீப்பு செந்துளுவன் பழம். ஜன்னலோரம் மேசை போட்டு, வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி அடுக்கி, பென்சிலில் கோடு போட்டு முடித்தாள். அன்று சாயங்காலமே கிண்டியைக் காணோம். மாமிக்குக் கால் கழுவ அது வேண்டியிருந்தது. கிண்டி திரும்பி வந்தபோது போர்வை யாருடைய படுக்கைக்கோ போயிருந்தது. போர்வை வந்தபோது சீப்பில் இரண்டு பழம் குறைந்திருந்தது. விசாரித்ததில், "அது கனிஞ்சு வீணாப் போயிரும்லா, அதான்" என்று என் அப்பா ஒத்துக்கொண்டார். மகளுக்கு அவர் பாட்டா. வரைந்த சீப்பில் ஏழு பழம், மேசையில் ஐந்து. அவள் அழித்து ஐந்தாக்கினாள். மறுநாள் மேசையில் நாலு. நாட்கள் போகப் போக மிஞ்சிய பழங்களின் சிவப்பு கறுத்துக்கொண்டே வந்தது. அவளும் வண்ணத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தாள். சார் பார்த்துவிட்டு, "காலம் கடந்துபோறது இந்தப் படத்துல தெரியுது" என்று பாராட்டினார். ஹாலந்துக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அழுகும் பழத்தை வேண்டுமென்றே வரைந்து, வாழ்க்கை நிலையற்றது என்று காட்டினார்களாம். எங்கள் வீட்டில் அந்தத் தத்துவத்தைச் செய்முறையில் நடத்தியவர் பாட்டா.

இரண்டாவது பொருள் அயலை மீன். பூனை பங்கு கேட்டது என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துபோகிறேன். மூன்றாவது ரப்பர் மரமும் பால் வடியும் சிரட்டையும். மரம் நகராது, யாரும் தின்னவும் முடியாது. ஒரே மூச்சில் முடிந்தது. நான்காவது பாட்டாவின் குடை. அது காய்ந்து வர இரண்டு மழை இடைவெளி தேவைப்பட்டது.

மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஜூனில் வரைந்து கட்டிலுக்கடியில் வைத்த படத்தில் ஆகஸ்டில் பூஞ்சை பூத்திருந்தது. வானம் வரைந்த இடத்தில் சாம்பல் புள்ளிகள். அவள் அழ ஆரம்பித்தாள். சார் தாளைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, "இந்த டெக்ஸ்சர் எப்படிக் கொண்டு வந்தே?" என்றார். அழுகை நின்றது.

ஐந்தாவது பொருளுக்குக் குடும்பத்தோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். அந்த அரண்மனையின் நிலைமை எங்கள் நிலைமையைவிடச் சிக்கல். நிற்பது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதும் டிக்கெட் கிழிப்பதும் கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாட்டாவுக்கு அப்போது பதினொரு வயது. "ராத்திரி படுத்தப்போ திருவிதாங்கூர்க்காரன்தான், காலையில எந்திரிச்சா நான் ஒரு நாடு, எங்க அக்கா ஒரு நாடு" என்பார். ராஜ்ஜியம் 1949-லேயே திரு-கொச்சியாகிவிட்டது என்று நான் திருத்தினால், "நீ கூடப் படுத்திருந்தியா?" என்று கேட்பார். உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் புகழ்பெற்ற சுவரோவியங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாரையும் மேலே விடுவதில்லை. மகள் பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கின் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து அதையே வரைந்தாள். யாரும் எடுத்துப் போக முடியாத பொருள் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று நினைக்கிறேன்.

அன்று திரும்பும் வழியில் பாட்டா காருக்குள் ஒரு கலை வரலாற்று வகுப்பே நடத்தினார். கேரளச் சுவரோவியத்தின் கதையைத் தொடங்குகிறவர்கள் திருநந்திக்கரைக் குகையில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் குகை இருப்பதும் கன்னியாகுமரி மாவட்டத்தில். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் மதுரை அழகிரி நாயுடு ஓவியராக இருந்தார். ரவிவர்மாவுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த தாய்மாமன் ராஜராஜ வர்மா, அந்த அழகிரி நாயுடுவிடம் படித்தவர். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்த ராமசாமி நாயக்கர் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தபோது, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ஒளிந்து வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது. "அப்ப அவன் படத்துக்கு ஸ்கூல்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா செல்லுமாடே?" என்று பாட்டா என்னைக் கேட்டார். செல்லாதுதான். 1893-இல் ரவிவர்மா சிகாகோ கண்காட்சிக்குப் பத்துப் படங்களைக் கப்பலேற்றி அனுப்பினார். 049-இன் விதிப்படி அதில் மூன்று அதிகம்.

தியரித் தேர்வுக்கு அவள் மனப்பாடம் செய்தது ராஜஸ்தானி, பஹாரி, முகலாயர், தக்காணிச் சிற்றோவியங்கள். மேவார் ஓவியர் சாகிப்தீனைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாள். ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருநந்திக்கரையைப் பற்றி அவளை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அதற்குள் நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் வீடியோவில் வந்தார். அவர் பையனும் அங்கே பள்ளியில் ஏ.பி. ஆர்ட் அண்ட் டிசைன் எடுத்திருக்கிறான். அங்கே தேர்ந்தெடுத்த படைப்புகள் ஐந்து. அது போக, ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆண்டு முழுக்கத் தேடியதற்குச் சான்றாகப் பதினைந்து படிமங்கள், எழுத்து விளக்கத்தோடு. ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். "அவன் கேள்வி, நினைவு எப்படி மங்குதுங்கறது. உன் கேள்வி என்னம்மா?" என்று மகளிடம் கேட்டார். அவள் யோசிப்பதற்குள் பாட்டா பின்னாலிருந்து, "இவளுக்கு ஒரே கேள்விதான், பழத்த யாரு தின்னான்னு" என்றார்.

பிறகு கற்பனைப் படங்கள். மற்ற பிள்ளைகள் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஓட்டு வீடு, ஓடை என்று போனார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. நம்மைச் சுற்றி இருப்பதை வரைய வேண்டும் என்பது சாரின் கட்சி. திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் படித்தவர் அவர். அந்தக் கல்லூரி தொடங்கிய 1888-ஆம் ஆண்டில்தான் நாராயண குரு நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து அருவிப்புறத்தில் சிவனாக வைத்தார். "ஆத்துல கிடந்த கல்லு ஒரு சமூகத்தையே நிமிர வச்சுது. நீ எதுக்குச் சுவிட்சர்லாந்துக்குப் போறே?" என்று பிள்ளைகளிடம் கேட்பாராம்.

ஆகவே அவள் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலுக்குப் போய் அம்மச்சிப் பிலாவை வரைந்தாள். இளவரசர் மார்த்தாண்ட வர்மா எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்ப ஒளிந்ததாகச் சொல்லப்படும் பலாமரம் அது. உள்ளே பொந்து விழுந்த அடிமரத்தைக் கோயில் வளாகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மரத்தை நன்றாகவே கொண்டுவந்திருந்தாள். பொந்தின் இருட்டு அருமை. பாட்டா கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ராஜா எங்க பிள்ளே?"

"உள்ள இருக்காரு பாட்டா."

"தெரியல்லியே?"

"தெரிஞ்சா புடிச்சிருவாங்கல்லா."

அவருக்குச் சமாதானம் இல்லை. மூக்கு நுனியாவது காட்டு என்றார். மாமி ஒரு கிரீடமாவது வெளியே கிடக்கட்டும் என்றார். ஒளிகிறவன் கிரீடத்தை வெளியே போட்டுவிட்டு ஒளிவானா என்று நான் கேட்டதில் இரண்டு நாள் எனக்குக் காப்பி தாமதமாக வந்தது.

இரண்டாவது கற்பனை களியிக்காவிளைச் சந்திப்பு. இடப்பக்கம் கேரளப் பேருந்து, வலப்பக்கம் தமிழ்நாட்டுப் பேருந்து, நடுவே மீன்கூடைகள், லாட்டரித் தட்டி. தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்ததால் அந்தத் தட்டிகள் எல்லாம் எங்கள் பக்கம்தான். வாங்குகிறவர்கள் இரு பக்கமும். படம் முக்கால்வாசி முடிந்த சமயம், 2023-இல் தமிழ்நாட்டு அரசு பழைய பேருந்துகளைப் புதுப்பித்து மஞ்சள் பூசி இறக்கியது. இவள் மஞ்சள் பூசினாள். அடிநிறம் தெரிந்தது. இன்னொரு பூச்சு. தாள் ஊறிப் பிய்ந்தது. கோபத்தில் பேருந்து முழுவதையும் மறைக்கும்படி கடைப்பலகைகளை வரைந்தாள். பாதித் தமிழ் எழுத்து, பாதி மலையாள எழுத்து, ரேஷன் கார்டு எண்கள், தங்கம் கிராம் விலை, டயர் பஞ்சர் அம்புக்குறி.

சார் இதைப் பார்த்ததும் கே.சி.எஸ். பணிக்கரின் பெயரைச் சொன்னார். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த மலையாளி. சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 1963 முதல் அவர் வரைந்த 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசையில் மலையாளம் மாதிரித் தெரியும் எழுத்துகள், ஜாதகக் கட்டங்கள், கணக்குகள் நிறைந்திருக்கும். எதையும் வாசிக்க முடியாது. மகளின் படத்தைப் பாட்டாவும் வாசிக்கப் பார்த்தார்.

"ஒரு வரியும் பிடிபடல்லியே மக்ளே."

"அதுதான் பாட்டா படம்."

"அப்ப நம்ம ஊருதான்" என்றார். அவர் ஒரு படத்தில் குறை சொல்லாதது அந்த ஒரு தடவைதான்.

கடைசித் தாள் வாங்க மார்த்தாண்டம் போய்த் திரும்பும்போது ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். ஹாஃப் இம்பீரியல் தாள்களைச் சுருட்டினால் பீரங்கிக் குழாய் அளவுக்கு வரும். அவிழ்த்துப் பார்த்த காவலர், "இதுல ஒண்ணும் இல்லையே" என்று ஏமாந்த குரலில் சொன்னார். இனிமேல்தான் வரும் என்றாள் மகள். அந்தத் தாளில் அவர் தொப்பியோடு வந்திருக்கிறார். அது ஏழில் சேரவில்லை, வளர்ச்சிக்கான சான்றுகளில் சேர்ந்தது.

செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பலாமரத்தின் முன்னால் நின்று, "மார்த்தாண்ட வர்மா எவிடே?" என்று கேட்டாராம். பாட்டாவுக்குச் சொன்ன பதிலையே இவள் அவருக்கும் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்பது தெரிய வழியில்லை. சி.பி.எஸ்.இ. மதிப்பெண் பட்டியலில் செய்முறைக்கு ஒரே எண்தான் வரும், போர்ட்ஃபோலியோவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள். வந்தது எழுபதுக்கு 66. போன நாலு யாரால் போனது என்ற வழக்கு வீட்டில் இன்னும் நடக்கிறது. மூக்கு வரையாததால் என்பது பாட்டாவின் வாதம்.

அவள் இப்போது நுண்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஹாஃப் இம்பீரியல் அளவு ஃபோல்டர் ஒன்று, ஜிப் வேலை செய்கிற நிலையில், எங்கள் வீட்டில் சும்மா இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் அடுத்த ஆண்டு 049 எடுக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். கிண்டியும் இரவல் தருவோம். பழம் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும், ஒரு சீப்பு கூடுதலாக.