ஹைஃபன் சார்

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா, கண்ணில் சந்தேகம். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முகூர்த்த நேரம் பார்க்க மாட்டார். 'வித் பெஸ்ட் காம்ப்ளிமெண்ட்ஸ்' என்பதில் 'ஐ' போட்டிருக்கிறதா, 'ஈ' போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். மொய்க் கவரோடு திருத்திய பத்திரிகையும் திரும்பி வரும்.

எங்கள் பொள்ளாச்சி சாருக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் வேலை அதிகம். அன்றைக்குத் தென்னை நார்க் கயிறு ஏற்றுமதி செய்கிறவர் ஒருவர், ஆங்கிலத்தில் அடித்த சரக்குப் பட்டியலோடு வந்தார். கூடவே அவருடைய அம்மா. முதல் வரியே 'த்ரீ ஸ்ட்ராண்ட்ஸ் காயர் ரோப்'. சார் கண்ணாடியைக் கழற்றினார். அது கெட்ட சகுனம்.

"நடுவில் ஒரு ஹைஃபன் போடணும். அந்த 'ஸ்' போகணும். த்ரீ-ஸ்ட்ராண்ட். கோடு இல்லேன்னா மூணு புரி உள்ள கயிறா, இல்லே மூணு கயிறான்னு வாங்கறவன் குழம்புவான்."

"ஏனுங்க சார், மூணு கயித்துக்கு எவனுங்க கண்டெய்னர் கேப்பான்?"

சார் அசரவில்லை. 'த ரோப் ஹேஸ் த்ரீ ஸ்ட்ராண்ட்ஸ்' என்று எழுதினால் மட்டும் கோடு கூடாது, 'ஸ்' கட்டாயம் என்று அரை மணி நேரம் நடத்தினார். சொன்னதெல்லாம் சரிதான். காபிதான் ஆறிவிட்டது.

'காயர்' என்ற ஆங்கிலச் சொல்லே மலையாளத்துக் 'கயர்', அதாவது நம் கயிற்றின் உடன்பிறப்பு. ஆக, 'காயர் ரோப்' என்றால் கயிற்றுக் கயிறு. இதை நான் வாய்விடவில்லை. விட்டிருந்தால் இரண்டில் ஒன்றை அடித்திருப்பார். லோடு தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அடுத்த வரி 'ஹேண்ட்-வோவன் ரோப்'. கோடு ஒழுங்காக இருந்ததில் சாருக்குச் சின்ன ஏமாற்றம். டிக் அடித்தபடி, "கையால் நெய்த கயிறு, கரெக்ட்" என்றார்.

"நெய்யறதுக்கு இதென்ன சேலைங்களா?" என்றார் அம்மா.

பேனா நின்றது. அந்த அம்மா நாற்பது வருஷம் ராட்டையில் நின்றவர். நாரை ஒரு பக்கம் முறுக்கினால் இழை. இழைகளைச் சேர்த்து எதிர்ப் பக்கம் முறுக்கினால் புரி. மூன்று புரியை மறுபடி மாற்றி முறுக்கினால் கயிறு. ஒன்று பிரியப் பார்த்தால் மற்றது இறுக்கிப் பிடிக்கும். விரலைத் தொடையில் உருட்டிக் காட்டி, "இதாங்க முப்புரிக்கயிறு" என்று முடித்தார்.

'வோவன்' அடிபட்டு 'ட்விஸ்டெட்' ஏறியது. கோடு மட்டும் பத்திரமாக இருந்தது. சார் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏம்மா, முப்புரிக்கயிறு... சேர்த்து எழுதறப்போ நடுவில் 'க்' வரும் இல்லையா?"

"எனக்குக் கயிறுதாங்க வரும்."