கத்திரியில் ஓடப் போகும் பேராண்டிக்கு

ஏல பேராண்டி, பெங்களூர்லருந்து வந்து எறங்குனதும் எறங்காததுமா நீச்சல் தொப்பியும் சைக்கிளுமா நிக்கியே, ரொம்ப சந்தோசம்யா. மத்தவன்லாம் லீவுக்கு மெட்ராசுக்கு வந்தா தியேட்டருக்குப் போவான். நீ ட்ரையத்லான் பயிற்சி கெட்டுரக் கூடாதுங்க. கெணத்துல நீச்சல், சந்தைக்குச் சைக்கிள், எரும கயித்த அத்துக்கிட்டா ஓட்டம். நாங்களும் மூணும் செஞ்சோம். மெடலுதான் ஒருத்தனும் தரல.

ஹவாய்த் தீவுல நீந்துதவன் பெருசா, சைக்கிள்காரன் பெருசா, ஓடுதவன் பெருசான்னு வாய்ச்சண்டை வந்து, 1978ல மூணையும் சேத்து அயர்ன்மேன்னு ஒரு பந்தயமே வச்சானுவளாம். 15 பேரு கெளம்பி 12 பேரு முடிச்சான். நம்மூரு டீக்கடையில பொறந்திருக்க வேண்டிய விளையாட்டு, போகட்டும்.

மத்தியானம் பன்னெண்டுக்குத்தான் ஓடுவேங்கியா? தாராளமா ஓடு. ஆம்புலன்சுல ஏசி நல்லா இருக்கும். 2003 மே 31ல இந்த ஊருல 45 டிகிரி அடிச்சிருக்கு. கடக்காத்து நேரத்துக்கு வந்தா நாம பொழச்சோம். அது சுணங்குற அன்னைக்குத்தான் இப்படி வறுக்கும். வேர்வை ஊத்துதேன்னு பெருமைப்படாத. அது காஞ்சாத்தான் ஒடம்பு குளுரும். இங்க காத்துலயே ஈரம், எங்க காயும்? அதனால விடியுமுன்ன ஓடு. உன் கைக்கடியாரம் 'மெதுவாப் போற'ன்னு ஏசும், ஏசட்டும். ஒடம்பு இந்த வெக்கைக்குப் பழக 10லருந்து 14 நாளாவது புடிக்கும். நீயோ ஒரு வாரத்துக்கு வந்திருக்க. பழகுறதுக்குள்ள உனக்கு ரயிலு!

தண்ணியும் அப்படித்தான். வேர்வையில உப்பு போகுது, நீ வெறுந்தண்ணியக் கொடங்கொடமாக் குடிச்சா ரத்தத்துல இருக்குற உப்பும் நீத்துப் போவும், மயக்கம் வரும். நீ தண்ணியில கலக்குற நூறு ரூவா உப்புப் பொடிய விட உங்க ஆச்சியோட உப்புப் போட்ட மோரு மட்டமில்ல. ஆனா அதுல படம் போட்ட டப்பா கெடையாது, உனக்குப் புடிக்காது.

கடல்ல நீந்தணும்னு மெரினாவுக்குப் போனா, குதிரையில வர்ற போலீசு உன்ன வெரட்டுவான். நல்லதுக்குத்தான். அந்தக் கடல் இழுப்புக்கு உன் மெடலு தெரியாது. பெசன்ட் நகர் கரையில வெள்ளையா ஒரு மண்டபம் நிக்கே, 1930ல முங்கப்போன ஆளக் காப்பாத்தப் போயி உசுர விட்ட டென்மார்க்குக்காரன் ஷ்மிட்டுக்குக் கட்டுனது. நீந்தத் தெரிஞ்சவந்தான் அவனும். மெரினாவுலயே மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கு, உன் 1.5 கிலோமீட்டர அங்க அளந்துக்கோ.

சைக்கிளுக்கு ஈசிஆரு. திருவான்மியூர்லருந்து முட்டுக்காடு போய்த் திரும்புனா உன் 40 கிலோமீட்டர் ஏறக்குறைய ஆயிரும். ஞாயித்துக்கெழம விடியக்காலம் உன்ன மாதிரி கிறுக்குப்பயலுவ கூட்டமாத்தான் போறானுவ, அவனுவ கூடயே போ. காரு பறக்குற ரோடு, பின்னால செவப்பு லைட்டு எரியட்டும். தலை கிறுகிறுத்தாலோ வெயில்ல குளிர் நடுக்கம் கண்டாலோ வீரம் காட்டாத. எறங்கி நெழல்ல படுத்து, தலையில தண்ணிய ஊத்தச் சொல்லு.

நாளைக்கு நாலரைக்கே எழுப்புதேன். திரும்பி வரும்போது திருவான்மியூர்ல எனக்கு ஒரு கவுளி வெத்தலையும் கொட்டப்பாக்கும் வாங்கிட்டு வாய்யா. அதுல உன் பயிற்சி ஒண்ணும் கெட்டுராது.