உத்துப் பார்க்கக் கூடாத பூ

பொட்டலத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மேல்நோக்கி வளைந்த ஆறு சிவப்பு இதழ்கள், ஓரத்தில் மஞ்சள். லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்கடை அது. மார்ச் மாதம். கோடையில் பூக்கும் கிழங்குகளுக்கென்று ஒதுக்கிய அலமாரியில், டாலியாவுக்கும் கிளாடியோலஸுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மரத்தூளுக்குள் விரல் கனத்தில் ஒரே ஒரு கிழங்கு, கலப்பை போல வளைந்து கிடந்தது. ஏழு பவுண்டு.

மூலனூர்ப் பக்கம் எங்கள் ஊர். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. ஆடியில் நாலு தூறல் விழுந்தால் வேலிக்கடியில் அந்தப் பூவின் கொடி தலை நீட்டிவிடும். இலையின் நுனியே சுருண்டு சுருண்டு கிளுவைக் குச்சியைப் பற்றிக்கொள்ளும். புரட்டாசி, ஐப்பசியில் வேலி முழுக்கத் தீப்பிடித்தது போலப் பூக்கும். கிட்டே போனால் அப்பத்தாவின் குரல் பட்டியிலிருந்து வரும்.

“அத உத்துப் பாக்காதீங்க கண்ணு, கண்ணு நோவு வந்துரும்!”

கண்வலிப்பூ என்று அதற்குப் பெயரே அதனால்தான் வந்தது என்பார்கள். பார்த்தால் கண் வலிக்காது என்று எனக்கு இன்று தெரியும். ஆனால் அந்தக் கிழங்கைத் தின்றால் என்ன ஆகும் என்று அப்பத்தாவுக்கு அன்றே தெரிந்திருந்தது. பார்க்கவே பயந்த பிள்ளை தொடாது, தொடாத பிள்ளை தோண்டாது. அவள் போட்ட முதல் வேலி அது. அந்தக் கிழங்கு சக்கரவள்ளி மாதிரியே இருக்கும், வேகவைத்தாலும் விஷம் போகாது. ஆடு மேய்க்கும் வழியில் எங்கே முளைத்தாலும் அவள் கடப்பாரையோடு போய் நிற்பாள். கிழங்கைத் துண்டு விடாமல் எடுத்து வெயிலில் காயப்போட்டு எரிப்பாள்.

எண்பதுகளின் கடைசியில் என் சித்தப்பா அரை ஏக்கரில் அதையே நட்டார். கிழங்கு நட்டு, கம்பி கட்டி, குச்சி ஊன்றிக் கொடியேற்றினார். தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் அப்போது அது பரவிக்கொண்டிருந்தது. விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்தை எடுக்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போகிறது என்றார்கள். அந்தப் பூவின் சூல்தண்டு நடுவில் நேராக நிற்காது. அடியிலேயே ஒடிந்தது போலப் பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் போய்விடும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் தினமும் காலையில் ஆள் இறங்கி, பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன் நானும் அதைச் செய்திருக்கிறேன். எதை உற்றுக்கூடப் பார்க்காதே என்று வளர்த்தார்களோ, அதையே கண்ணுக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகத் தொடவேண்டி வந்தது. அப்பத்தா வரப்பில் உட்கார்ந்து, வேலை முடிந்ததும் என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைப்பாள். கழுவாமல் ஒரு வாய் தண்ணீர் தரமாட்டாள்.

வேலியில் இருந்தது அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. நடவுக்குக் கிழங்கு வேண்டுமென்று காட்டிலும் வேலியிலும் இருந்ததைத் தோண்டி விற்றார்கள். அப்பத்தாவின் கடப்பாரையால் முடியாததை விலை முடித்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

கல்லூரியில் குறிஞ்சிப்பாட்டு படித்தேன். கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை தேடும்போதெல்லாம் அதனிடம் போகிறார்கள். பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியும் வைத்தேன். காந்தளும் கண்வலியும் ஒரே செடி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள் என்று பிறகொரு நாள் படத்தோடு பார்த்தபோதுதான் தெரிந்தது. சித்தப்பா காட்டில் நான் தொட்டுத் தொட்டுக் காய்க்கவைத்த பூ!

ஏழு பவுண்டு கொடுத்து அந்தப் பொட்டலத்தை வாங்கினேன்.

முதல் வருஷம் தோற்றேன். அந்தக் கிழங்கில் ஒவ்வொரு கைக்கும் நுனியில்தான் முளை. உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது. தொட்டியில் வைக்கும்போது நுனி ஒடிந்தது. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியும் மண் அசையவில்லை. அடுத்த வருஷம் வேறொன்று வாங்கி, குழந்தையைக் கிடத்துவது போலப் படுக்கைவாட்டில் இரண்டு அங்குல ஆழத்தில் வைத்தேன். கொதிகலன் அலமாரிக்குப் பக்கத்தில் கதகதப்பான இடம். ஊரில் மழைக்குக் காத்திருந்த கிழங்கு இங்கே வெப்பத்துக்குக் காத்திருக்கிறது. அங்கே அதன் தூக்கம் கோடையில், இங்கே குளிர்காலத்தில். ஜூன் பிறந்து, உறைபனிப் பயம் தீர்ந்த பிறகு தொட்டியோடு வெளியே கொண்டுபோனேன். வருஷா வருஷம் தானாகத் துளிர்க்கும் செடிகளின் பாத்தியில் கருஞ்சிவப்பு இலைகொண்ட புதர் ஒன்று உண்டு. அதன் ஓரம் புதைத்து வைத்தேன். இலை நுனிகள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறின. கிளுவைக்குப் பதில் இது.

ஜூலையில் பூத்தது. எங்கள் ஊர்ப் பூ அல்ல, ஆப்பிரிக்க வகை. ராத்ஸ்சைல்டியானா என்று பொட்டலத்தில் எழுதியிருந்தது. இதழ் அகலம், அலை குறைவு. ஆனால் அதே பச்சை மொக்கு தலைகுனிந்து, அதே மாதிரி இதழை மேலே தூக்கி, நாளாக ஆக மஞ்சள் வடிந்து சிவப்பு ஏறியது. சூல்தண்டும் அதே போல ஒதுங்கி நின்றது. காலையில் தேநீரோடு அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உற்று உற்றுப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிமேல் எட்டிப் பார்த்து, இது ராணியின் புரோச் அல்லவா என்றார். 1947இல் எலிசபெத் இளவரசியின் 21ஆவது பிறந்தநாளுக்குத் தெற்கு ரொடீசியாவின் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பூவின் வடிவில் வைர புரோச் ஒன்று கொடுத்தார்களாம். அந்த நாடு இன்று ஜிம்பாப்வே. இது அதன் தேசிய மலர். அவருக்கு அது வைரமாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது பட்டியிலிருந்து வரும் குரல்.

அதே ஆண்டு என் கணவருக்குக் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்தது. கௌட். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரைப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். கோல்ச்சிசின், ஒன்று 500 மைக்ரோகிராம். அரை மில்லிகிராம்! செல் பிரிவதையே நிறுத்தும் சரக்கு. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறுகியது. எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று நானே நோட்டில் எழுதிவைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் செருப்புப் போட்டு நடந்தார். அப்பத்தா எரித்த கிழங்கிலும் இதேதான் இருந்தது.

ஆகஸ்டில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேரன் வந்தான், நாலு வயசு. பூவைப் பார்த்து ஓடிவந்து கை நீட்டினான். எனக்கு ஆங்கிலமே வரவில்லை. “தொடாதீங்க கண்ணு!” என்று கத்திவிட்டேன். அவன் புரியாமல் நின்றான், ஆனால் நின்றான். அன்றைக்கே அந்தப் பாட்டியிடம் கிழங்கைப் பற்றி முழுக்கச் சொன்னேன், அவர்கள் நாயைப் பற்றியும் எச்சரித்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே அடர்த்தியாகக் கம்பிவலை கட்டினோம்.

கொடி வாடி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தினேன். அக்டோபரில் கையுறை போட்டுத் தொட்டியைக் கவிழ்த்தேன். நட்ட கிழங்கு சுருங்கிச் சக்கையாகியிருந்தது. அதன் இடத்தில் புதிதாக இரண்டு கைகள், வெளிர்மஞ்சளாக, நுனி ஒடியாமல். உலர்மணலில் புதைத்து, பெட்டிமேல் ‘விஷம்’ என்று தமிழில் எழுதினேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. கீழே ஆங்கிலத்திலும் எழுதி, மண்டையோடு ஒன்று வரைந்தேன். சமையலறையில் சேப்பங்கிழங்கும் சக்கரவள்ளியும் இருக்கிற பக்கம் அதைக் கொண்டுபோகவே இல்லை. மாடி அலமாரியின் மேல்தட்டில், பூட்டுக்குள் வைத்தேன். பிறகு கீழே வந்து, கையுறை போட்டிருந்த கையையும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.