உயிர்வாழ் சான்று கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: பழைய போர்டுகளைப் பழுதுபார்ப்பவன், சாலைக் கம்போளம் அருகில், திருவனந்தபுரம்.

பெறுநர்: மாண்புமிகு புதிய பதிப்பு அதிகாரி அவர்கள் (நிறுவனத்தின் பெயர் நாகரிகம் கருதி விடப்படுகிறது).

பொருள்: உயிரோடு இருக்கும் புரோகிராமரை உயிரோடு இருப்பதாக ஏற்றுக்கொள்ளக் கோருதல்.

பார்வை: தங்கள் மென்பொருளில் தோன்றிய சிவப்பு வரி.

ஐயா,

வழுதக்காட்டில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்ட், துலாவர்ஷ இடியில் நின்றுவிட்டது. போர்டில் மைக்ரோகன்ட்ரோலர் மட்டும்தான் போயிருந்தது. அந்தச் சிப்பை நீங்கள் இன்றும் விற்கிறீர்கள்; புதிதாக வாங்கி சால்டர் வைத்தாயிற்று. அதில் ஏற்ற வேண்டிய நிரலின் ஹெக்ஸ் ஃபைல் கையில் இருக்கிறது. ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்றபோது, தங்கள் புதிய பதிப்பு குறுக்கே வந்து, சிப்பில் நிரல் ஏற்றுவதற்காகத் தாங்களே விற்ற என் புரோகிராமர் கருவிக்கு ஆதரவில்லை என்றது.

கேபிளை மாற்றினேன். ஹப்பை விலக்கி நேராகச் சொருகினேன். பச்சை விளக்கு எரிகிறது. டிவைஸ் மேனேஜர் பெயரும் எண்ணும் பிசகாமல் சொல்கிறது. விண்டோஸுக்குத் தெரிகிறது, லினக்ஸுக்குத் தெரிகிறது. பெற்றவருக்கு மட்டும் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை.

இந்த ஊரில் நலத்திட்ட ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் அக்ஷயா மையத்துக்குப் போய் 'மஸ்டரிங்' செய்தால், அவர்கள் உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது. படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நாங்கள் திட்டாத நாளில்லாத அரசாங்கம் அது! என் புரோகிராமரையும் தாங்கள் சொல்லும் இடத்தில் நேரில் ஆஜர்படுத்தத் தயாராக இருக்கிறேன்.

2014-இல், யூஎஸ்பி சிப்புகள் செய்யும் எஃப்டிடிஐ நிறுவனம், விண்டோஸ் அப்டேட் வழியே வந்த டிரைவரில், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிச் செயலிழக்க வைத்தது. கூச்சல் எழுந்ததும் திரும்பப் பெற்றது. அவர்களாவது போலியைத்தான் கொன்றார்கள். என்னிடம் இருப்பது பில்லோடு வாங்கிய தங்கள் அசல் சரக்கு.

பழைய டிரைவரைக் கட்டி மேய்க்க ஆளும் காசும் வேண்டும் என்பீர்கள். நியாயம்தான், கைவிடுங்கள். கைவிடுவதற்கும் ஒரு முறை உண்டல்லவா? எந்தப் பதிப்போடு ஆதரவு முடிகிறது என்பதை இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே சொல்லலாம். நாற்பது பக்க வெளியீட்டுக் குறிப்பின் கடைசி அட்டவணையில் புதைக்க வேண்டாம். பழைய இன்ஸ்டாலரின் இணைப்பை அறுக்காமல் விடலாம். கணினிக்கும் கருவிக்கும் இடையே ஓடும் பேச்சின் விவரத்தை வெளியிட்டுவிட்டால் மீதியை ஊரார் பார்த்துக்கொள்வார்கள். சிப்பில் நிரல் ஏற்றவும் பிழை தேடவும் உதவும் திறந்தமூல மென்பொருளான ஓப்பன்ஓசிடி, ஒரு ஜெர்மன் மாணவரின் 2005-ஆம் ஆண்டுப் பட்டய ஆய்வேடாகத் தொடங்கியது. லேப்டாப்புகள் பேரலல் போர்ட்டை மறந்து பல காலமான பிறகும், அதன் 0.12 பதிப்பில் பேரலல் போர்ட் கருவிகளுக்கு இடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் தன்னார்வலர்கள். தங்களுக்கு ஒரு கட்டடம் நிறையப் பொறியாளர்கள்.

இன்னொன்றும் தங்கள் கவனத்துக்கு. இதே ஊரின் தும்பாப் பக்கம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இருக்கிறது. இஸ்ரோ ராக்கெட்டுகளில் 2009 முதல் விக்ரம் 1601 என்ற 16 பிட் புராசசர் பறக்கிறது. அதன் 32 பிட் வாரிசான 3201, 2025 மார்ச்சில் கைக்கு வந்தது. அதற்கான அடா கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர், ஐடிஇ அனைத்தையும் இஸ்ரோவே எழுதிக்கொண்டது. கவுன்ட்டவுன் ஓடும்போது எவரிடமும் ஆதரவு கேட்டு நிற்கிற நிலைமை அவர்களுக்கு இல்லை. நானும் அப்படியே ஒரு ஐடிஇ எழுதலாம் என்றால், குடியிருப்புச் செயலாளர் மணிக்கொரு தரம் போன் செய்து "சாரே, ஆயோ?" (சார், முடிந்ததா?) என்கிறார்.

தற்போதைக்கு விண்டோஸ் 7 ஓடும் ஒரு லேப்டாப்பைக் கடன் வாங்கி, பழைய பதிப்பைப் போட்டுக் காரியத்தை முடிக்கப்போகிறேன். அந்த லேப்டாப்பில் நெட் இணைப்பு இருக்காது. தங்கள் அப்டேட் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாடிக்கையாளன்

இணைப்பு: இன்றைய மலையாள மனோரமா நாளிதழின் மீது வைத்து எடுக்கப்பட்ட புரோகிராமரின் புகைப்படம் (விளக்கு எரியும் நிலையில்).