விரலுக்கு ஒரு கதை

கொழும்பு மாளிகாவத்தைப் பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் விரலைத் தின்றால், முதலாளி முதலில் துணித்துண்டைத் தேடுவார். அடுத்ததாக ஒரு கதையை. "ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்டுக் கதவு நசுக்கினது எண்டு சொல்லு தம்பி." ஒரு புரியாணிப் பார்சலோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்துக்கு இந்தக் கதை தேவையே இல்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததா என்பதே அதன் கேள்வி. முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. குடிவெறியில் நின்றாலோ, காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினாலோ வில்லங்கம். (மூடி எங்கே என்று கேட்காமல் "சுறுக்கா முடி" என்று விரட்டியவர் யார் என்பது வேறு விஷயம்.) எந்த விரலுக்கு எத்தனை வீதம் என்று அட்டவணைகூட உண்டு.

2022 திருத்தம் இன்னும் தாராளம்: வேலைக்குப் போகிற, வருகிற வழியில் நேரும் விபத்தும் சேர்த்தி, உச்சத்தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபா. பஞ்சிகாவத்தையில் ஆட்டோ இடித்தாலும் கேட்கலாம். ஆனால் பட்டறையில் வேலை செய்ததற்குத்தான் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. முதலாளியைக் கேட்டால், "யாரு, அவனா? சும்மா பிளேன்டீ குடிக்க வாறவன்."